ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம்

ஆதார் அட்டையில் ஒருவர் தன் பெயரை ஆயுளுக்கும் இரண்டு முறைதான் திருத்தலாம். பிறந்த தேதிக்கு ஒரே ஒரு முறை. இந்த விதியை எழுதியவர்கள் பெண்களை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. முதல் கல்யாணத்தில் அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவரின் எழுத்தைப் போட்டுக்கொண்டால் ஒன்று. விவாகரத்து முடிந்து அப்பாவின் எழுத்துக்கே திரும்பினால் இரண்டு. பிறகு ஒருவரைப் பிடித்துப்போய், இந்த வாழ்க்கையாவது நம் விருப்பப்படி அமையட்டும் என்று மறுமணம் செய்துகொண்டு அவர் எழுத்தைச் சேர்க்கப் போனால் இ-சேவை மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் ஆதார் மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, காரணம் சொல்லி, காத்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது, மூன்றாவது கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிற எந்தப் பெண்ணுக்கும் முதலில் சொல்ல வேண்டியது: பெயரைத் தொடாதீர்கள். கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பான் அட்டை கல்யாணமான பெண்ணிடமும் அப்பா பெயரைத்தான் கேட்கிறது. பள்ளிச் சான்றிதழும் பட்டமும் அப்பாவின் எழுத்தில்தான் இருக்கும், அவை மாறப்போவதில்லை. சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதுவே பான், வங்கி, பாஸ்போர்ட், பத்திரம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். கணவர் பெயர் ஒரு உறவைக் குறிக்கும் தகவல். அது பாஸ்போர்ட்டில் அதற்கான இடத்திலும் ஆதாரில் முகவரிக்கு மேலும் இருந்தால் போதும். ஆள் மாறினால் அந்த வரி மட்டும் மாறும், நீங்கள் மாற வேண்டியதில்லை.

அடுத்தது, முந்தைய திருமணம் முடிந்ததா என்ற கேள்வி. மனசளவில் எப்போதோ முடிந்திருக்கும். சட்டத்துக்கு அது போதாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கல்யாணம் நடக்கும் நாளில் இருவருக்கும் உயிரோடு வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது என்கிறது. இருந்தால் 11ஆம் பிரிவின்படி அந்தக் கல்யாணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் (பழைய இ.பி.கோ. 494) ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு, முந்தைய கல்யாணத்தை மறைத்துச் செய்திருந்தால் பத்தாண்டு வரை. நடைமுறையில் சிறைக்குப் போகிறவர்கள் குறைவு. உண்மையான அடி வேறு இடத்தில் விழும். பத்து வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் இறந்த பிறகு, அவருடைய பி.எஃப். பணத்துக்கும் வீட்டுக்கும் போய் நின்றால், ‘நீங்கள் மனைவியே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். பிள்ளைகளுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு காப்பு உண்டு. அவளுக்கு இல்லை.

இதில் நம் ஊரின் பெரிய கண்ணி, பத்திரத்தில் எழுதி வாங்கும் விடுதலை. ‘அறுத்துக் கட்டுகிற வழக்கம் எங்களில் உண்டு’ என்று சொல்லும் சமூகங்கள் தமிழ்நாட்டில் நிறைய. ஒருவகையில் அது பெருமைப்பட வேண்டிய வழக்கம். மேல்சாதிகள் விதவைக்குத் தலை மழித்த காலத்தில் இவர்கள் அவளுக்கு மறுபடி தாலி கட்டிவைத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவும் வழக்காற்று விவாகரத்தை ஏற்கிறது. ஆனால் அந்தச் சாதியில், அந்த வட்டாரத்தில், நெடுங்காலமாக, இடைவிடாமல் அந்த வழக்கம் இருந்தது என்று நீங்கள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்ட முத்திரைத்தாளோ, நோட்டரி சீல் வைத்த ‘பரஸ்பர விடுதலை ஒப்பந்தமோ’ தானாக விவாகரத்து ஆகிவிடாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கில், முதல் கணவரிடம் நீதிமன்றத் தீர்ப்பு வாங்காமல் எழுத்து ஒப்பந்தத்தோடு பிரிந்த பெண்ணுக்கு இரண்டாம் கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அந்த இரண்டாம் கணவர் எல்லாம் தெரிந்துதான் கல்யாணம் செய்தார் என்பது முக்கியக் காரணம். நல்ல தீர்ப்பு. ஆனாலும் அது மாதச் செலவுக்கான உரிமை மட்டுமே. மனைவி என்ற நிலையோ வாரிசுரிமையோ அதில் வராது. அதற்கும் அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

எனவே நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டால் 13பி பிரிவு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான். மனு போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை இருவரும் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பைச் சூழ்நிலை பார்த்துத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜீவனாம்சம், நகை, குழந்தை எல்லாம் பேசி முடிந்துவிட்டது, சேர்ந்து வாழ வாய்ப்பில்லை என்று காட்டித் தனியாக மனு போட வேண்டும். இரண்டாவது முறை வருவதற்குள் யார் வேண்டுமானாலும் மனசு மாறலாம் என்பதை மறக்க வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு இரண்டாவது வாய்தாவுக்குக் காத்திருப்பது வீண் வேலை.

தீர்ப்பு வந்த மறுநாளே கல்யாணம் செய்யலாமா? வழக்காடி வாங்கிய தீர்ப்பானால் கூடாது. 15ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும், அல்லது மேல்முறையீடு தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். அந்தக் காலம் எத்தனை நாள் என்பதில் குழப்பம் உண்டு. குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவு 90 நாள் என்கிறது. 90 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். அதிலும் எதிர்த்தரப்பு தீர்ப்பின் நகல் வாங்கக் காத்திருந்த நாள்கள் கணக்கில் சேராது. எனவே நாலு மாதம் பொறுத்து, குடும்ப நீதிமன்றத் தீர்ப்பானால் உயர் நீதிமன்றத்தில், சார்பு நீதிமன்றத் தீர்ப்பானால் மாவட்ட நீதிமன்றத்தில், மேல்முறையீடு ஏதும் இருக்கிறதா என்று பெயர் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது நல்லது. தென்மாவட்டமானால் மதுரைக் கிளையிலும் தேட வேண்டும். பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி மேல்முறையீடு கிடையாது. அங்கே இந்தக் காத்திருப்பு இல்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, வக்கீல்கள் ‘எக்ஸ்பார்ட்டி’ என்பார்களே, அது. எதிர்த்தரப்பு வரவே இல்லை, சீக்கிரம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும். ஆனால் சம்மன் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி அந்த மனிதர் மனு போடலாம். தெரிய வந்த நாள் மூன்று வருஷம் கழித்துகூட இருக்கலாம். பழைய முகவரிக்குத் தபால் அனுப்பி, ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்த உறையை வைத்து முடித்த வழக்குகள் இப்படித்தான் பிற்பாடு உயிர் பெறும். வக்கீல் ‘எக்ஸ்பார்ட்டியில் முடித்துத் தருகிறேன்’ என்று சொன்னால், சம்மன் கைக்குக் கிடைத்த அத்தாட்சி வழக்குக் கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எதிர்த்தரப்பு இப்போது குடியிருக்கும் முகவரிக்கு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மாதம் தாமதமாகும், ஆகட்டும்.

ஓடிப்போனவர் கதை வேறு. ஏழு வருஷமாகத் தகவலே இல்லை என்றால் இறந்ததாக அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் ஏழு வருஷம் ஆனதும் தாலி தானாக அறுந்துவிடாது. இந்து திருமணச் சட்டத்தின் 13(1)(vii) பிரிவில் மனு போட்டு விவாகரத்து வாங்குவதே பாதுகாப்பு. அதற்குக் காணாமல் போனபோது கொடுத்த போலீஸ் புகாரின் ரசீது வேண்டும். அவமானம் என்று பலர் புகாரே கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போதாவது கொடுத்து வையுங்கள்.

கணவரை இழந்த பெண்ணுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. இறப்புச் சான்றிதழ் போதும். முஸ்லிம் பெண் இத்தா காலம் முடியக் காத்திருக்க வேண்டும்: கணவர் இறந்திருந்தால் நாலு மாதம் பத்து நாள், தலாக் அல்லது குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) என்றால் மூன்று மாதவிடாய்க் காலம், கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. கத்தோலிக்கப் பெண்ணுக்கு இரட்டை வேலை. கோர்ட் தந்த விவாகரத்தை வைத்து ஆலயத்தில் மறுமணம் செய்ய முடியாது. மறைமாவட்டத் தீர்ப்பாயம் முதல் திருமணம் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை மட்டும் வைத்துச் சட்டப்படி மறுமணம் செய்யவும் முடியாது; அதற்கு நீதிமன்ற பலம் இல்லை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இரண்டு கதவையும் தட்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் காகிதம் சரி. அவருடையது? மணமகன் ‘டைவர்ஸி’ என்று மேட்ரிமோனியில் போட்டிருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். ஜெராக்ஸ் காட்டினால் அதிலுள்ள வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சார்பு நீதிமன்றங்களில் அது ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) என்று தொடங்கும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண் கிடைத்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கு முடிந்ததா, எப்போது, என்ன முடிவு என்று வந்துவிடும். ‘கேஸ் முடிஞ்ச மாதிரிதான்’ என்றால் முடியவில்லை என்று அர்த்தம். மனு தள்ளுபடியானதைக்கூட ‘தீர்ப்பு வந்துடுச்சு’ என்று காட்டுவார்கள். கடைசிப் பக்கத்தில் திருமணம் கலைக்கப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிக் கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று முகம் சுளிப்பவராக இருந்தால், அதுவும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

பணத்துக்கு வருவோம். மாதா மாதம் வரும் ஜீவனாம்சம் மறுமணத்தோடு நின்றுபோகும். மொத்தமாக வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மறுபடி ஒரு வாழ்க்கை அமையலாம் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் விவாகரத்துப் பேச்சின்போதே மொத்தத் தொகையாக முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். குழந்தைக்கான தொகை தனி. அம்மா எத்தனை கல்யாணம் செய்தாலும் அப்பாவின் கடமை போகாது. ஆகவே தீர்ப்பில் அம்மாவுக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுத வைக்க வேண்டும். ஒரே தொகையாக எழுதினால், மறுமணத்தன்று முழுவதையும் நிறுத்தப் பார்ப்பார்கள்.

விதவைக்கு வரும் ஓய்வூதியத்தின் கணக்கு வேறு. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் (இ.பி.எஸ். 95) மறுமணம் செய்தால் விதவை ஓய்வூதியம் நிற்கும். ஆனால் அதுவரை 25 விழுக்காடு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு 75 விழுக்காடாக உயர்த்தி, பெற்றோர் இல்லாத குழந்தைக்குரிய ஓய்வூதியமாகக் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்தில் குழந்தை இல்லாத விதவை மறுமணம் செய்தாலும், அவளுடைய சொந்த வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தைத் தாண்டாதவரை தொடர்ந்து வாங்கலாம். மறைத்து வாங்கினால் மட்டும் பிற்பாடு மொத்தமாகப் பிடிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் ‘மறுமணம் செய்யவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுத் தரும் காகிதம் அவர்கள் கையில் இருக்கிறது.

இறந்த கணவரின் சொத்தில் வந்த பங்கு, மறுமணம் செய்தால் போய்விடும் என்று மாமியார் வீட்டில் சொல்வார்கள். 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு கையால் கல்யாண உரிமை கொடுத்து மறு கையால் சொத்தைப் பிடுங்கிய சட்டம் அது. 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வந்து அதை அடியோடு மாற்றியது. 1983இல் பழைய சட்டமே நீக்கப்பட்டது. கணவர் இறந்த நாளில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய அம்மாவுக்கும் சமபங்கு விழுந்துவிடும். பிறகு அவள் யாரைக் கட்டினாலும் அது அவளுடையது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழை மறுமணத்துக்கு முன்பே வாங்கி, பட்டா மாற்றத்துக்கும் எழுதிப் போட்டுவிட வேண்டும். பின்னால் போனால் கிராம நிர்வாக அலுவலர் முதல் பங்காளி வரை எல்லோருக்கும் பதில் சொல்லி மாளாது.

இதிலேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. முதல் கணவரின் வீடு உங்கள் பெயருக்கு வந்துவிட்டது, அவர் மூலம் ஒரு மகள், இப்போது மறுமணம். நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால் அந்த வீட்டில் மகளுக்குப் பாதி, இரண்டாம் கணவருக்குப் பாதி. இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிள்ளையே இல்லை என்றால் அந்த வீடு முதல் கணவரின் ஆட்களுக்குத் திரும்பிப் போகும், உங்கள் சம்பாத்தியம் இப்போதைய கணவருக்குப் போகும். இதில் எது உங்கள் விருப்பமோ, அதை உயிலில் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. கிறிஸ்தவப் பெண்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். மறுமணம் முடிந்ததும் புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி நாமினேஷனையும் மறுமணத்துக்குப் பின் புதிதாகப் போட வேண்டும். பழைய தாளில் அம்மா பெயரோ முன்னாள் கணவர் பெயரோ இருந்துகொண்டே இருக்கும்.

குழந்தையோடு மறுமணம் செய்பவர்கள் அவசரப்பட்டுச் செய்யும் தவறு, பள்ளியில் அப்பா பெயரை மாற்றுவது. பிறப்புச் சான்றிதழில் இருப்பவர்தான் அப்பா. தத்தெடுப்பு இல்லாமல் புதுக் கணவர் பெயரை அங்கே போட வழியில்லை. அப்பா இறந்துவிட்ட குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை அம்மாவுக்கு உண்டு என்றும், ஆவணத்தில் ‘மாற்றாந்தந்தை’ என்று எழுதச் சொல்வது குழந்தைக்குக் கொடுமை என்றும் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றாந்தந்தை முறைப்படி தத்தெடுக்க விரும்பினால் மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் தளத்தில் பதிந்து, சொந்த அப்பா உயிரோடு இருந்தால் அவர் சம்மதமும், ஐந்து வயது ஆன குழந்தையானால் அதன் சம்மதமும் பெற்று, மாவட்ட ஆட்சியரிடம் ஆணை வாங்க வேண்டும். தத்தெடுக்கவில்லை என்றால், எவ்வளவு பாசமாக வளர்த்தாலும், அவர் உயில் எழுதாமல் போனால் அந்தக் குழந்தை அவருக்கு வாரிசு இல்லை. அன்பைப் பற்றி இந்தச் சட்டத்துக்கு எதுவும் தெரியாது.

விதவை மறுமணத்துக்குத் தமிழக அரசின் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம் இருக்கிறது. தாலிக்கு 8 கிராம் தங்க நாணயமும் 25,000 ரூபாயும். பட்டம் அல்லது பட்டயம் முடித்த பெண்ணுக்கு 50,000. தொகையின் ஒரு பகுதி சேமிப்புப் பத்திரமாக வரும். மணமகளுக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும், மணமகன் 40க்குள் இருக்க வேண்டும். வருமான உச்சவரம்பு இல்லை. கல்யாணமான ஆறு மாதத்துக்குள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் மனு சேர வேண்டும். ஏழாவது மாதம் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. விவாகரத்தான பெண்களுக்கு இந்தத் திட்டம் ஏன் இல்லை என்பதற்கு எனக்கு ஏற்கத்தக்க பதில் கிடைத்ததில்லை.

கடைசியாகக் கல்யாணம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்திட வேண்டும். வீட்டில் எதிர்ப்பு இருப்பவர்களுக்கு அந்தப் பலகைதான் பயம். இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது: புரோகிதர் வேண்டாம், உறவினர்கள் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் அபராதத்தோடு இன்னும் 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் அல்லது இறப்புச் சான்றிதழ் அசலாகக் கையில் இருக்கட்டும்.

படிவத்தில் திருமண நிலை என்று ஒரு கட்டம் வரும். அலுவலக வாசலில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர் உங்களைக் கேட்காமலேயே ‘திருமணமாகாதவர்’ என்று எழுதிவிடுவார். கூடுதல் காகிதம் கேட்க மாட்டார்கள், வேலை சுலபம் என்பார். பேனாவை அவரிடமிருந்து வாங்கி அதை அடித்துவிட்டு, ‘விவாகரத்தானவர்’ என்றோ ‘கணவரை இழந்தவர்’ என்றோ உங்கள் கையாலேயே எழுதுங்கள்.